மரத்தின் எடை எங்கிருந்து வந்தது? மாணவருக்கு அறிவியல் புரிந்ததா என்று காட்டிக்கொடுக்கும் கேள்விகள்

மேலே போவதற்கு முன் ஒரு கேள்வி. விடையை மனதில் குறித்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு வேப்பங்கொட்டையை மண்ணில் ஊன்றுகிறோம். இருபது, முப்பது வருடத்தில் அது ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரமாகிவிடுகிறது. அதை வெட்டி, நன்றாகக் காயவைத்து எடை போட்டால் பல நூறு கிலோ தேறும். அந்த எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது?

(அ) மண்ணிலிருந்து
(ஆ) வேர் உறிஞ்சிய தண்ணீரிலிருந்து
(இ) காற்றிலிருந்து
(ஈ) சூரிய ஒளியிலிருந்து

இதை ஏழாம் வகுப்பிலும் கேட்டிருக்கிறேன், பத்தாம் வகுப்பிலும் கேட்டிருக்கிறேன், பயிற்சிக்கு வந்த பட்டதாரிகளிடமும் கேட்டிருக்கிறேன். எங்கே கேட்டாலும் முதலில் தூக்கும் கைகள் ‘அ’வுக்குத்தான். மண்ணு, உரம், சத்து என்று குரல்கள் வரும். அடுத்தபடியாகத் தண்ணீர். காற்று என்று சொல்பவர்கள் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். அவர்களும் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று மெதுவாகத்தான் சொல்வார்கள்.

விடை காற்றுதான். காய்ந்த மரக்கட்டையின் எடையில் கிட்டத்தட்ட பாதி கார்பன். நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன். சுமார் 6 சதவீதம் ஹைட்ரஜன். கார்பனும் ஆக்சிஜனும் இலைத்துளை வழியாக உள்ளே போன கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தவை. ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வந்தது. மண் கொடுத்தது என்ன? கட்டையை முழுவதும் எரித்த பிறகு அடுப்பில் மிஞ்சுகிறதே சாம்பல், ஏறக்குறைய அவ்வளவுதான்.

இப்போது அதே வகுப்பில் இன்னொரு கேள்வி கேட்போம். “ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?” உடனே ஒப்பிப்பார்கள்: “பச்சையமுள்ள தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியால் கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தயாரிக்கும் நிகழ்ச்சி ஒளிச்சேர்க்கை எனப்படும்.” ஒரு எழுத்து பிசகாது. இரண்டு மதிப்பெண் கேள்வி என்றால் இரண்டும் கொடுத்தாக வேண்டும். இதை எழுதிய அதே பிள்ளைதான் ஐந்து நிமிடத்துக்கு முன் மரத்தின் எடை மண்ணிலிருந்து வந்தது என்று கை தூக்கியது.

இரண்டு விடைகளும் ஒரே தலைக்குள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். மாணவர் பதில் சொல்வது வேறு, அவருக்குப் புரிந்திருப்பது வேறு. வரையறையைக் கேட்டால் முதலாவது மட்டும் தெரியும். இரண்டாவதைத் தெரிந்துகொள்ள வேறு மாதிரிக் கேள்வி வேண்டும். அப்படிப்பட்ட கேள்வியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் அம்மாவும் அப்பாவும் எழுதலாம், தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்காவும் எழுதலாம்.

மரக் கேள்வியில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு நல்ல கேள்விக்கு என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் இதில் இருக்கிறது.

முதலாவது, இதில் பாடச்சொல் எதுவும் இல்லை. ஒளிச்சேர்க்கை, பச்சையம், ஸ்டார்ச் என்று எந்த வார்த்தையும் கேள்வியில் வரவில்லை. பாடச்சொல்லைக் கேள்வியில் வைத்தால், பிள்ளையின் மனம் அந்தச் சொல் வரும் பக்கத்தைத் தேடிப் போய்விடும். சொல் இல்லாவிட்டால் யோசித்தாக வேண்டும். நீராவிப்போக்கைப் பற்றிக் கேட்க வேண்டுமா? “தகரக் கொட்டகை நிழலைவிட வேப்பமர நிழல் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது?” என்று கேளுங்கள். தகரம் வெயிலில் சூடேறி அந்தச் சூட்டைக் கீழே இருப்பவர் மேல் வீசுகிறது. இலையோ தண்ணீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டே இருப்பதால் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. இந்த இரண்டு வரியையும் பிள்ளை தன் வார்த்தையில் சொல்லிவிட்டால், ‘நீராவிப்போக்கு’ என்ற சொல்லை மறந்திருந்தாலும் பரவாயில்லை என்பேன்.

இரண்டாவதுதான் முக்கியம்: தவறான விடைகள். மண், தண்ணீர், சூரிய ஒளி மூன்றும் நான் உட்கார்ந்து கற்பனை செய்தவை இல்லை. பிள்ளைகள் உண்மையிலேயே நினைப்பவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. ‘மண்’ என்று சொல்பவர், உரம் போட்டால் செடி செழிப்பதைக் கண்ணால் பார்த்தவர். உரத்தைச் செடிக்குச் சாப்பாடு என்றுதானே வீட்டில் சொல்கிறோம்? ‘சூரிய ஒளி’ என்பவர், வெளிச்சம் அவசியம் என்பதைச் சரியாகவே பிடித்திருக்கிறார். ஆனால் ஆற்றலையும் பொருளையும் ஒன்றாக்கிவிட்டார். ‘தண்ணீர்’ என்பவர் ஒரு பெரிய விஞ்ஞானியின் பக்கத்தில் நிற்கிறார்.

பிரஸ்ஸல்ஸ் நகரத்து மருத்துவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்பவரைத்தான் சொல்கிறேன். அவர் ஒரு பெரிய தொட்டியில் காய்ந்த மண்ணை 200 பவுண்டு நிறுத்துப் போட்டார். அதாவது சுமார் 90 கிலோ. அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். தூசி விழாமல் தொட்டிக்கு மூடியும் போட்டிருந்தார். ஐந்து வருடம் கழித்து மரத்தைப் பிடுங்கி எடை போட்டால் 169 பவுண்டுக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட 77 கிலோ. மண்ணைத் திரும்பக் காயவைத்து நிறுத்தார். குறைந்தது இரண்டு அவுன்ஸ், 60 கிராம்கூட இல்லை!

மண் மரமாக மாறவில்லை என்பதை அவர் இவ்வளவு அழகாக நிரூபித்துவிட்டார். ஆனால் அடுத்த அடியில் தவறினார். மண் இல்லையென்றால், நான் ஊற்றியது தண்ணீர் மட்டும்தானே, ஆகவே மரம் தண்ணீரால் ஆனது என்று எழுதினார். அவர் 1644இல் இறந்தார், இந்தக் குறிப்பு 1648இல் அச்சானது. ‘கேஸ்’ என்ற சொல்லையே உண்டாக்கியவர் அவர்தான். கரி எரியும்போது வெளிவரும் வாயுவைப் பற்றி எழுதியவரும் அவர்தான். அப்படிப்பட்டவருக்கே, மரத்தைச் சுற்றியிருந்த காற்றைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை. வெளிச்சத்தில் செடியின் பச்சை பாகங்கள்தான் ஆக்சிஜனை வெளிவிடுகின்றன என்று யான் இங்கன்ஹவுஸ் 1779இல் காட்டினார். கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து செடியின் எடையாகின்றன என்று ஜெனீவாவைச் சேர்ந்த டி சாஸ்யூர் 1804இல் அளந்து காட்டினார். ஹெல்மான்டின் குறிப்பு அச்சானதிலிருந்து ஒன்றரை நூற்றாண்டு.

ஆகவே ஒரு பிள்ளை ‘தண்ணீர்’ என்று சொன்னால் எனக்கு வருத்தம் வருவதில்லை. அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. “காற்றுன்னு ஏம்மா சொல்லல?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: “காத்துக்கு எடையே இல்லையே டீச்சர்.” முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் இல்லை, அதற்கு எத்தனையோ வருடம் முன்பே விழுந்த முடிச்சு. அன்று வகுப்பறையை அளக்கச் சொல்வேன். 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 108 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ. அப்படியென்றால் அந்த அறைக்குள் இருக்கும் காற்றின் எடை 130 கிலோ. இரண்டு பெரிய ஆட்களின் எடை! இதைக் கேட்டதும் வகுப்பே ஒரு நொடி மேலே பார்க்கும்.

1990களில் அமெரிக்காவில் எடுத்த ஆவணப்படம் ஒன்றில், பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கிய இளைஞர்களிடம் ஒரு விதையையும் ஒரு மரக்கட்டையையும் கையில் கொடுத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்களிலும் பலருக்குக் காற்று நினைவுக்கு வரவில்லை. மதிப்பெண் வாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை அது நன்றாகக் காட்டுகிறது.

இப்படி பிள்ளைகள் தாங்களாகவே கட்டிவைத்திருக்கும் எண்ணங்களுக்குக் கல்வியியலில் மாற்றுக் கருத்துகள் என்று பெயர். தப்பெண்ணம் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு முதல் பெயர்தான் பிடிக்கும். வெற்றுத் தலையில் நாம் பாடத்தை ஊற்றுவதில்லை. ஏற்கனவே அங்கே ஒன்று குடியிருக்கிறது. அதைக் கண்டுகொள்ளாமல் பாடம் நடத்தினால், பாடம் பரீட்சை வரை ஒரு மூலையில் இருந்துவிட்டுக் காலி செய்துவிடும். பழைய எண்ணம் அப்படியே இருக்கும்.

சரி, உயிர்ச் செயல்களில் இப்படிப்பட்ட முடிச்சுகள் எங்கெங்கே இருக்கின்றன? என் அனுபவத்தில் சுவாசத்தில்தான் அதிகம். அதற்கு நம் மொழியும் ஒரு காரணம். பேச்சில் மூச்சு, சுவாசம் இரண்டும் ஒன்றுதான். பாடத்திலோ மூச்சு விடுவது என்பது காற்று உள்ளே வந்து வெளியே போவது. சுவாசம் என்பது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உணவிலிருந்து ஆற்றலை எடுப்பது. நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும், செல்லுக்குள் நடப்பது தெரியாது. அதனால் பிள்ளை இரண்டாவதையும் முதலாவதாகவே எடுத்துக்கொள்கிறது. நுரையீரல் இல்லாத செடி எப்படிச் சுவாசிக்கும் என்ற குழப்பம் அங்கிருந்து கிளம்புகிறது.

“நாம் ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறோம், கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறோம்.” இதைச் சொல்லாத பிள்ளை இல்லை. அப்புறம் இதைக் கேட்டுப் பாருங்கள்: “தண்ணீரில் மூழ்கி மூச்சு நின்றுபோனவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதுகிறார்களே, நாம் விடுவது கார்பன் டை ஆக்சைடு என்றால் அது அவருக்கு எப்படி உதவும்?” வகுப்பு அமைதியாகிவிடும். உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் என்றால், வெளியே வரும் காற்றிலும் 16 சதவீதம் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகிறது. மீதி பெரும்பாலும் நைட்ரஜன், போன மாதிரியே திரும்புகிறது. பாடப்புத்தகத்தில் இந்த எண்கள் இருக்கின்றன. ஆனால் அம்புக்குறி போட்ட படம் மனதில் பதிந்த அளவுக்கு அட்டவணை பதிவதில்லை.

படங்களைச் சொன்னதும் ரத்தம் நினைவுக்கு வருகிறது. ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தைப் படத்தில் நீல நிறத்தில் காட்டுவது வழக்கம். “உடம்புக்குள் நீல ரத்தம் இருக்கிறதா?” என்று கேட்டுப் பாருங்கள். மணிக்கட்டில் தெரியும் நரம்பைக் காட்டி, இதோ இருக்கிறதே என்பார்கள். ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தி எடுப்பது அந்த ரத்தத்தைத்தான், அது அடர்ந்த சிவப்பாக இருந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதை நினைவுபடுத்தினால் போதும், அவர்களே சரிசெய்துகொள்வார்கள்.

சுவாசத்துக்கே திரும்புகிறேன். ‘பகலில் செடிக்கு ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம்’ என்று ஷிப்டு போட்டு வேலை செய்வதுபோல நினைப்பது மிகப் பரவலான எண்ணம். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? “இருட்டில் செடி எந்த வாயுவை எடுத்துக்கொள்கிறது?” என்று மட்டும் கேட்டால் ஆக்சிஜன் என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதனால் கேள்வியை இரண்டு அடுக்காக வைக்க வேண்டும். முதல் அடுக்கில் விடை. இரண்டாம் அடுக்கில், அந்த விடைக்குக் காரணம் கீழ்க்கண்டவற்றில் எது என்ற தேர்வு:

(1) செடி இரவில் மட்டும் சுவாசிக்கிறது, பகலில் சுவாசிப்பதில்லை.
(2) செடி எப்போதும் சுவாசிக்கிறது. வெளிச்சம் இல்லாதபோது ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது.
(3) செடி எல்லாவற்றையும் மனிதருக்கு நேர்மாறாகச் செய்கிறது.
(4) இலைகள் ஒளிச்சேர்க்கை செய்து களைத்துவிட்டதால் ஓய்வெடுக்கின்றன.

முதல் அடுக்கில் சரியாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் இரண்டாம் அடுக்கில் (1)க்குப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் அடுத்த பாடம். இந்த மாதிரி இரண்டு அடுக்குக் கேள்விகளை, அதுவும் ஒளிச்சேர்க்கை, சுவாசம் என்ற இதே பாடத்தில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹாஸ்லம், டிரீகஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் இந்த முறை பரவியது. இதில் இன்னொரு வசதியும் உண்டு. நான்கு விடை கொண்ட சாதாரணக் கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் நான்கில் ஒரு முறை மதிப்பெண் கிடைத்துவிடும். முதல் அடுக்கில் நான்கு, இரண்டாம் அடுக்கில் நான்கு என்று வைத்தால், குத்துமதிப்பாகக் குறித்து இரண்டையும் சரியாக்குவது பதினாறில் ஒரு முறைதான்.

நம் புத்தகங்களில் வரும் கூற்று–காரணம் கேள்வி இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலும் கூற்று, காரணம் இரண்டுமே புத்தகத்து வரிகளாகவே இருந்துவிடுகின்றன. பிள்ளைகள் வரியை அடையாளம் கண்டு குறித்துவிடுகிறார்கள். காரணங்களைப் பிள்ளைகளின் வாயிலிருந்து எடுத்தால்தான் அந்தக் கேள்விக்கு உயிர் வரும்.

எடுப்பது சுலபம். பாடம் தொடங்கும் முன் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். கேள்வியைப் பலகையில் எழுதி, விடைத் தேர்வு எதுவும் கொடுக்காமல், “உனக்கு என்ன தோன்றுகிறதோ இரண்டு வரி எழுது, பேர் போட வேண்டாம், மார்க்கு கிடையாது” என்று சொல்லுங்கள். மார்க்கு கிடையாது என்பதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். நாற்பது சீட்டு வந்தால் அதில் நான்கைந்து வகை எண்ணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றையே, அவர்கள் எழுதிய சொற்களிலேயே, தவறான விடைகளாக வையுங்கள். ‘களைத்துவிட்டதால் ஓய்வு’ என்ற நான்காவது காரணம் எனக்கு அப்படிக் கிடைத்ததுதான். எந்தக் கைடிலும் அது கிடைக்காது. கூடவே ஒன்று: ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற விடையை வைக்காதீர்கள். அது இருந்தால் பெரும்பாலும் அதுதான் சரி என்று எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடுகிறது. சரியான விடை மட்டும் நீளமாக இருப்பதும் அப்படித்தான்.

புரிந்ததா என்பதற்கு என்னைப் பொறுத்தவரை கடைசிச் சோதனை, பாடத்தில் வராத இடத்தில் அதே அறிவைப் பயன்படுத்த முடிகிறதா என்பது. சுவாசப் பாடத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த கேள்வி மீன் குட்டைக் கேள்வி.

ஒரு குட்டை. தண்ணீர் முழுக்கப் பச்சைப்பசேல் என்று பாசி. மீன் வளர்ப்பவர் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வெயில் ஏறியதும் ஒன்றொன்றாக உள்ளே போய்விடுகின்றன. ஏன்?

பசி என்பார்கள். குளிர் என்பார்கள். ஆக்சிஜன் போதவில்லை என்று ஒருவர் சொல்லும்போது, இன்னொருவர் உடனே மறுப்பார்: “அதெப்படி, குட்டையெல்லாம் பாசி இருக்கே, பாசி ஆக்சிஜன் கொடுக்குமே?” இந்த மறுப்பு வரும் வகுப்பு நல்ல வகுப்பு. அதை அப்படியே விட்டுவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். பகலெல்லாம் பாசி ஆக்சிஜன் கொடுத்தது உண்மை. பொழுது சாய்ந்ததும் கொடுப்பது நின்றுவிட்டது. ஆனால் சுவாசிப்பது நிற்கவில்லை. மீன் மட்டுமா சுவாசிக்கிறது? பாசியும் சுவாசிக்கிறது, அடியில் மக்கிக்கொண்டிருக்கும் சேற்றில் உள்ள நுண்ணுயிர்களும் சுவாசிக்கின்றன. இரவு முழுக்கச் செலவு மட்டும், வரவு இல்லை. சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் கணக்கில் மிகக் குறைவாக ஆக்சிஜன் இருக்கும். மேற்பரப்பில், காற்றோடு ஒட்டியிருக்கும் தண்ணீரில் மட்டும் கொஞ்சம் இருக்கும், அதனால் மீன்கள் அங்கே வருகின்றன. இறால் பண்ணைகளில் தண்ணீரை அடித்துச் சிதறவைக்கும் சக்கரங்களை ராத்திரியில் விடாமல் ஓட்டுவது இதற்காகத்தான்.

போன வருடம் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, கடைசி பெஞ்சில் ஒரு பையன், அறிவியலில் பாஸ் ஆகவே தடுமாறுபவன், எழுந்து நின்றான். அவன் மாமா குளம் ஏலம் எடுத்து மீன் வளர்ப்பவர். “ராத்திரியில செடிங்களும் மூச்சு விடும்ல டீச்சர், அதான் காத்து தீர்ந்துடுது. எங்க மாமா நாலு மணிக்கு எந்திரிச்சு மோட்டார் போட்டுத் தண்ணியப் பீச்சி அடிப்பாரு” என்றான். ‘சுவாசம்’ என்ற சொல்கூட அவன் வாயில் வரவில்லை. அந்த வகுப்பில் அன்று சுவாசத்தை முழுதாகப் புரிந்துவைத்திருந்தது அவன்தான். அவன் பரீட்சைத் தாளில் அதற்கு இடமே இல்லை என்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

எல்லாவற்றையும் காகிதத்தில் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு, இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று முதலில் சொல்லவைத்து, பிறகு செய்து பார்த்து, சொன்னதும் நடந்ததும் ஏன் ஒத்துப்போயின அல்லது ஏன் ஒத்துப்போகவில்லை என்று பேசவைப்பது இன்னும் நல்ல சோதனை. கணி, கவனி, காரணம் சொல் என்று வகுப்பில் நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். கணிப்பை எழுதி வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பார்த்த பிறகு “நான் அப்பவே நினைச்சேன்” என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள்.

மொச்சைக்கொட்டைச் சோதனை பழையது, ஆனால் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஒரு அடி ஸ்கேலில் மூன்று மொச்சைகளை மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று நூலால் கட்டுகிறோம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, நடு மொச்சை பாதி நனையும்படி ஸ்கேலை நிறுத்துகிறோம். கீழே இருப்பது முழுதும் மூழ்கியிருக்கும், மேலே இருப்பது காற்றிலேயே இருக்கும். எது முளைக்கும்? எங்கள் வகுப்பில் பாதிப்பேர் கீழே இருப்பதுதான் என்று எழுதினார்கள். விதைக்குத் தண்ணீர்தானே வேண்டும், அதுதானே நிறையத் தண்ணீரில் இருக்கிறது? ஒரு சிலர் எதுவும் முளைக்காது, மண் இல்லையே என்று எழுதினார்கள். பாத்திரத்தில் ஈரத்துணியில் பயறு முளைகட்டும் வீட்டிலிருந்து வந்த பிள்ளைகள்தான் அவர்களும்! வீட்டில் பார்ப்பதற்கும் பள்ளியில் எழுதுவதற்கும் நடுவே எவ்வளவு பெரிய சுவர் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நான்காம் நாள் பார்த்தோம். மேல் மொச்சை கட்டியபடியே இருந்தது. கீழ் மொச்சை உப்பித் தோல் வழுவழுத்து, டம்ளரை முகர்ந்தால் நாற்றம். நடு மொச்சையில் தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளை முனை, அரை அங்குலம், கீழ்நோக்கி வளைந்திருந்தது. “தண்ணி அதிகமாகி அழுகிடுச்சு” என்று ஒரு பெண் சொன்னாள். அங்கேயே நிறுத்தியிருந்தால் அவள் சரியாகச் சொன்ன மாதிரிதான் இருந்திருக்கும். “தண்ணி அதிகமானா அதுக்கு என்ன கெடுதல்? அது என்ன நிறையக் குடிச்சிடுச்சா?” என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். “நடுவுல இருக்கறதுக்கு மட்டும் ரெண்டும் கிடைக்குது” என்றாள். ரெண்டும்னா? “தண்ணியும் காத்தும்.” விதையும் சுவாசிக்கிறது என்ற பாடம் அவளுக்கு அந்த நொடியில் நடந்தது. பிறகு, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் அதிகமாக ஊற்றினால் ஏன் வாடுகிறது என்று கேட்டபோது அவளே விளக்கினாள். வேரைச் சுற்றியுள்ள மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் போய்விடுகிறது.

எண்ணைக் கையில் கொடுத்து யோசிக்கவைப்பதும் உண்டு. இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு. பெருக்கினால் 5 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 5 லிட்டர்தான். அப்படியானால் அந்த 300 லிட்டர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? ரத்தம் கல்லீரலில் புதிதுபுதிதாக உண்டாகி உடம்பில் தீர்ந்துபோகிறது என்று நூற்றாண்டுகளாக நம்பியிருந்ததை இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் உடைத்தது இப்படிப்பட்ட ஒரு பெருக்கல் கணக்கால்தான். அவர் எடுத்துக்கொண்ட அளவுகள் உண்மையைவிடக் குறைவு. ஆனாலும் ரத்தம் சுற்றித்தான் வர வேண்டும் என்று சொல்ல அதுவே போதுமாக இருந்தது. சிறுநீரகத்துக்கும் இதையே கேட்கலாம். அது ஒரு நாளில் வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர், வெளியே வருவது ஒன்றரை லிட்டர், மீதி எங்கே?

அப்புறம், விடை தவறாக வந்தால் என்ன செய்வது? சிவப்பு மையால் கோடு போட்டால் அந்த எண்ணம் மறைவாகப் போய் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். நான் செய்வது ஒன்றுதான். “ஏன் அப்படி நினைக்கிற?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். சும்மா இருப்பதுதான் கஷ்டம். மூன்று நொடி போனதும் நாமே பதிலைச் சொல்லிவிடத் துடிப்போம். பத்து நொடி பொறுத்தால் பிள்ளை பேசும். சரியான விடை சொன்னவரிடமும் அதையே கேட்க வேண்டும். இல்லாவிட்டால், ஏன் என்று கேட்டாலே நாம் தப்பு என்று அர்த்தம் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

நீங்கள் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இன்று இரவே கேட்டுப் பார்க்க ஒரு கேள்வி தருகிறேன். ஒருவர் உடற்பயிற்சி செய்து, சாப்பாட்டைக் குறைத்து, உடம்பில் 10 கிலோ கொழுப்பைக் கரைத்துவிட்டார். அந்த 10 கிலோவும் எங்கே போனது? வியர்வையாகவா, மலமாகவா, சூடாகவா, தசையாகவா? 2014இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் இந்தக் கணக்கைப் போட்டு ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். மருத்துவர்களிடமும் உணவியல் நிபுணர்களிடமும் உடற்பயிற்சி ஆசிரியர்களிடமும் கேட்டிருந்தார்கள். பெரும்பாலோர் ஆற்றலாக, வெப்பமாகப் போய்விட்டது என்றுதான் சொன்னார்கள்.

மரக் கேள்விக்கு முன்பே விடை தெரிந்துகொண்ட ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இதைக் கேட்டேன். முதலில் வியர்வை என்றது. பிறகு தயங்கியது. “டீச்சர், மரம் காத்துலேர்ந்து வந்துச்சுன்னா, இது காத்துக்கே திரும்பிப் போயிருக்குமோ?” 10 கிலோவில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போயிருக்கும், மீதி 1.6 கிலோ தண்ணீராக.